சிந்தெடிக் என்ற ஒரு சொல்லும் ஒரு கேன் எஞ்சின் ஆயிலும்

பைக்கில் நீண்ட தூரம் போகிறவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சண்டை மூட்ட வேண்டுமா? "எந்த எஞ்சின் ஆயில் நல்லது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். மினரல் ஆயிலே போதும் என்பார் ஒருவர். சிந்தெடிக் ஊற்றாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்பார் இன்னொருவர். சிந்தெடிக் ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும் என்பார் மூன்றாமவர். நாலாவது ஆள் எதுவும் பேசாமல் லாரி எஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலை வாங்கிக்கொண்டு போவார்!

வேடிக்கை என்னவென்றால், இந்த நாலு பேர் சொல்வதிலும் ஏதோ ஒரு காலத்து உண்மை இருக்கிறது. எந்தக் காலத்து உண்மை என்பதில்தான் குழப்பம். "சிந்தெடிக்" என்ற சொல்லின் பொருளே நடுவில் மாறிவிட்டது. அது மாறிய கதை தெரிந்தால், குறைந்த விலையில் நல்ல ஆயில் வாங்குவது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை.

விளக்கெண்ணெய் காலம்

மண்ணெண்ணெய்க்காகத்தான் முதலில் கச்சா எண்ணெய் தோண்டினார்கள். 1859ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் கிணறு தோண்டப்பட்டது. 1866ல் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர், கச்சா எண்ணெய்க்கு மருந்துக் குணம் உண்டா என்று ஆராயப் போய், அது இயந்திரங்களுக்கு நல்ல மசகு என்று கண்டுபிடித்தார். வால்வலின் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

ஆனால் வேகமாகச் சுற்றும் எஞ்சின்களுக்கு அந்தக் காலத்துப் பெட்ரோலிய ஆயில் தாக்குப்பிடிக்கவில்லை. சார்லஸ் வேக்ஃபீல்ட் 1899ல் லண்டனில் தொடங்கிய நிறுவனம், ஆயிலில் ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்துப் பார்த்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் கேஸ்டர். 1909ல் பிறந்த "கேஸ்ட்ரால்" என்ற பெயரின் ரகசியம் அவ்வளவுதான்! நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். முதல் உலகப் போரின் ரோட்டரி எஞ்சின் விமானங்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. பெட்ரோலில் கரையாது, சூட்டிலும் வழுவழுப்பு போகாது. ஆனால் ஒரு பெரிய குறை, நாளாக ஆகப் பிசினாக இறுகிவிடும். பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துத் துடைப்பவர்களுக்குப் பரவாயில்லை, தினமும் ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது.

விளக்கெண்ணெய் போல உறுதியாகவும் இருக்க வேண்டும், பிசினாகவும் ஆகக்கூடாது. அப்படி ஒரு எண்ணெய் இயற்கையில் கிடைக்கவில்லை. அதனால் செய்து பார்க்கத் தொடங்கினார்கள்.

சோதனைச்சாலையில் பிறந்த எண்ணெய்

1929ல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் இந்தியானா நிறுவனம் செயற்கை மசகு எண்ணெயை விற்பனைக்காகவே தயாரித்துப் பார்த்தது. பொருள் நன்றாகத்தான் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. கச்சா எண்ணெய் தண்ணீர் மாதிரி மலிவாகக் கிடைக்கும் நாட்டில் விலை கொடுத்துச் செயற்கை எண்ணெய் வாங்க யாருக்கு என்ன தலையெழுத்து? தேவை இல்லாத இடத்தில் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சந்தை இல்லை.

ஜெர்மனியின் நிலை வேறு. அங்கே நிலக்கரி நிறைய, கச்சா எண்ணெய் கொஞ்சம். 1925ல் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் ட்ராப்ஷும் கரியிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு திரவ எரிபொருள் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1930களின் பிற்பகுதியில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஹெர்மன் சோர்ன் என்ற வேதியியலாளர் எஸ்டர் என்ற வகைப் பொருட்களை ஆராய்ந்தார். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர். விளக்கெண்ணெயும் இயற்கையில் கிடைக்கும் ஒரு எஸ்டர்தான். அதன் நல்ல குணத்தை வைத்துக்கொண்டு பிசின் குணத்தை மட்டும் நீக்கப் பார்த்தார் சோர்ன். போரின்போது ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான எஸ்டர்கள் சோதிக்கப்பட்டன.

போர் முடிந்ததும் ஜெட் விமானங்கள் வந்தன. உயரத்தில் கடும் குளிர், டர்பைனுக்குப் பக்கத்தில் கடும் சூடு. மினரல் ஆயில் ஒரு பக்கம் உறையும், இன்னொரு பக்கம் கருகும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் ஜெட் ஆயிலுக்கு வகுத்த தரவிதி, மைனஸ் 54 டிகிரி செல்சியஸிலும் ஆயில் ஓட வேண்டும் என்றது. எஸ்டர் ஆயிலால்தான் அது முடிந்தது. விலையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ராணுவம்தானே வாங்குகிறது!

தரைக்கு இறங்கி வந்தது

ஜெட்டில் இருந்ததை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் அமட்டூசியோ. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜெட் போர் விமானப் படைப்பிரிவை நடத்தியவர். ஜெட்டுக்கு நல்லது காருக்கு ஏன் ஆகாது என்பதுதான் அவருடைய கேள்வி. அவருடைய ஆம்சாயில் 1972ல் ஏபிஐ தரத்தைப் பெற்றது. ஏபிஐ என்பது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1971ல், பிரான்சில் மோட்டுல் நிறுவனம் எஸ்டரை வைத்து 300வி என்ற ஆயிலைக் கொண்டுவந்திருந்தது.

அடுத்து மொபில். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட, பேரல் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. சிக்கனம் என்றால் காது கொடுத்துக் கேட்கும் காலம். 1974ல் வந்த மொபில் 1, பாலி ஆல்ஃபா ஓலிஃபின் (சுருக்கமாக பிஏஓ) என்ற பொருளால் ஆனது. எத்திலீன் வாயுவிலிருந்து டெசீன் என்ற மூலக்கூறைச் செய்து, அதைச் சங்கிலி போலக் கோத்தால் பிஏஓ. கச்சா எண்ணெயில் நூற்றுக்கணக்கான வகை மூலக்கூறுகள் கலந்து கிடக்கும், மெழுகும் கந்தகமும் கூடவே வரும். பிஏஓவில் அப்படி இல்லை. ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த மாதிரி. குளிரில் உறையாது, சூட்டில் அவ்வளவாக நீர்த்துப் போகாது.

விலை சாதாரண ஆயிலைப் போலப் பல மடங்கு. அதற்கு விற்பவர்கள் சொன்ன சமாதானம், அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பது. ஆம்சாயில் 25,000 மைல் அல்லது ஒரு வருடம் என்றது. லிட்டர் விலையைப் பார்க்காதே, கிலோமீட்டர் விலையைப் பார் என்ற கணக்கு.

பைக்கில் ஒரே ஆயிலுக்கு மூன்று வேலை

கார் வேறு, பைக் வேறு. காரில் எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். பழைய பைக்குகளும் அப்படித்தான். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் பைக்குகளில் கியர்பாக்ஸ் தனி, கிளட்சும் ஆயிலில் படாத டிரை கிளட்ச். சென்னையில் 1950களிலிருந்து தயாரான பழைய புல்லட்டிலும் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் இருக்கும் செயின் கேஸ் என்று மூன்று தனித்தனி இடங்கள்.

1969ல் வந்த ஹோண்டா சிபி750 போன்ற ஜப்பானிய பைக்குகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தன. டூரிங் பைக் என்றாலே நினைவுக்கு வரும் ஹோண்டா கோல்ட் விங் 1974ல் அறிமுகமானபோது அதிலும் இதே ஏற்பாடு. அதாவது ஒரே ஆயில் எஞ்சினுக்கு வழுவழுப்புத் தர வேண்டும், கியர் பற்கள் நசுக்குவதைத் தாங்க வேண்டும், அதே நேரத்தில் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது!

கியர் பற்கள் ஆயிலை என்ன செய்கின்றன என்பது முக்கியம். 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருப்பது மல்டிகிரேட் ஆயில். டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். குளிரில் 10 போலவும் சூட்டில் 40 போலவும் நடந்துகொள்ளும். மினரல் ஆயிலில் இதைச் சாதிக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். கியர் பற்கள் கத்தரிக்கோல் மாதிரி அந்தப் பாலிமரை நறுக்கிவிடும். நாற்பதாக வாங்கிய ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் முப்பதாகிப் போகும். பிஏஓவுக்கு இயல்பிலேயே இந்தக் குணம் இருப்பதால் குறைந்த பாலிமரே போதும், நறுக்கப்படுவதற்கும் குறைவாகவே இருக்கும்.

1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் கன்ஸ்யூமர் நியூஸ் இதழ், கார் ஆயில்களையும் பைக் ஆயில்களையும் பைக்கில் ஊற்றி ஓட்டி, பிசுபிசுப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்த ஒரு சோதனையை வெளியிட்டது. நன்றாகத் தாக்குப்பிடித்தது விலை உயர்ந்த பைக் ஆயில் அல்ல, கார்களுக்கான மொபில் 1. "பைக்குக்கென்றே தயாரித்தது" என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு அது சங்கடமான செய்தி.

கிளட்ச் வழுக்கிய காலம்

ஆனால் அதே 1990களில் கார் ஆயில் மாறத் தொடங்கியது. மைலேஜ் கூட வேண்டும் என்று அமெரிக்க அரசு கார் நிறுவனங்களை நெருக்க, அவர்கள் ஆயில் நிறுவனங்களை நெருக்கினார்கள். உராய்வைக் குறைக்கும் ரசாயனங்கள் ஆயிலில் சேர்ந்தன. கேனில் இருக்கும் ஏபிஐ வட்டத்தின் அடியில் "எனர்ஜி கன்சர்விங்" என்ற எழுத்து வந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெடக்கூடாது என்பதற்காக, தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸின் அளவையும் குறைத்தார்கள்.

காருக்கு எல்லாம் நல்லதே. பைக்குக்கு? கிளட்ச் ஸ்லிப். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, எதிரே மலையேற்றம், த்ராட்டிலைத் திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஊரை விட்டு ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இப்படி ஆனால் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. சிந்தெடிக் ஊற்றினால் கிளட்ச் போகும் என்ற பயத்துக்கு வலு சேர்த்தது இந்தக் காலம்தான். உண்மையில் குற்றவாளி சிந்தெடிக் அல்ல, அதில் கலந்த உராய்வு குறைப்பான். அதே ரசாயனத்தை மினரல் ஆயிலில் கலந்தாலும் அதே கதிதான்.

இதற்கு ஜப்பான் பதில் கண்டது. 1998ல் அந்நாட்டு வாகனத் தர அமைப்பான ஜாசோ, நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கென்று டி903 என்ற விதியைக் கொண்டுவந்தது. கிளட்ச் பிளேட்டுகளை ஆயிலில் நனைத்து உராய்வை அளக்க வேண்டும். உராய்வு போதுமான அளவு இருந்தால் எம்ஏ, குறைவாக இருந்தால் எம்பி. கிளட்ச் ஆயிலில் படாத கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கு எம்பி பொருந்தும். 2006ல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டில் எம்ஏ2வுக்குத்தான் உராய்வு அதிகம்.

இந்தத் தரம் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து வந்ததா, வாயுவிலிருந்து வந்ததா என்று கேட்கவே இல்லை. எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் கேட்டது. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

1999: ஒரு சொல்லுக்காக ஒரு வழக்கு

எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி பேஸ் ஆயில், மீதி ரசாயனக் கலவை. பேஸ் ஆயிலை ஏபிஐ ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெய் வழியில் சுத்திகரிக்கப்படுபவை. பிஏஓ நாலாவது. எஸ்டர் உட்பட மற்றவை ஐந்தாவது.

இதில் மூன்றாவது குரூப்தான் சுவாரசியம். அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளை உடைத்து மறுபடி அடுக்குகிறார்கள். மெழுகு கூட நல்ல ஆயிலாக மாறுகிறது. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மாற்றம். குணத்தில் பிஏஓவை நெருங்கும், செலவில் நன்றாகக் குறைவு.

1997 இறுதியில் கேஸ்ட்ரால், அமெரிக்காவில் விற்ற தன் சின்டெக் ஆயிலில் பிஏஓவை எடுத்துவிட்டு இந்த வகை பேஸ் ஆயிலுக்கு மாறியது. கேனில் "சிந்தெடிக்" என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. மொபில் சும்மா இருக்குமா? விளம்பரங்களைப் பற்றிய புகார்களை விசாரிக்கும் என்ஏடி என்ற அமைப்பிடம் போனது. அது நீதிமன்றம் அல்ல, தொழில்துறையே தன்னைக் கண்காணிக்க வைத்திருக்கும் அமைப்பு.

மொபிலின் வாதம் எளிமையானது. சின்ன மூலக்கூறுகளைக் கோத்துப் புதிதாகச் செய்தால்தான் சிந்தெடிக், கச்சா எண்ணெயை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது கச்சா எண்ணெய்தான். கேஸ்ட்ரால் தரப்போ, வேதியியல் வினையால் மூலக்கூறின் அமைப்பே மாறுகிறதே, அது செயற்கை இல்லாமல் வேறென்ன என்றது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் தன் ஆவணத்திலிருந்து சிந்தெடிக் பற்றிய பழைய வரையறையை 1990களில் நீக்கியிருந்ததும் அதற்குச் சாதகமானது. 1999ல் என்ஏடி கேஸ்ட்ராலின் பக்கம் நின்றது. சின்டெக்கை சிந்தெடிக் என்று சொல்லப் போதுமான அடிப்படை இருக்கிறது என்றது.

அன்றோடு அமெரிக்கச் சந்தையில் "சிந்தெடிக்" வேதியியல் சொல்லாக இருப்பது முடிந்து, விற்பனைச் சொல்லாகிவிட்டது. குரூப் 3 பேஸ் ஆயிலைப் பல நிறுவனங்கள் "ஃபுல்லி சிந்தெடிக்" என்றே விற்கத் தொடங்கின. ஜெர்மனியில் இப்போதும் இந்த வகைக்கு "ஹெச்சி சிந்தஸிஸ்" என்று தனிப் பெயர் வைத்துப் பிரித்துச் சொல்கிறார்கள்.

யாருக்கு லாபம்?

கடையில் நிற்கும் ஒருவரால் கேனுக்குள் இருப்பது குரூப் 3ஆ, பிஏஓவா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஊற்றி ஓட்டினாலும் தெரியாது. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. 1970ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் விஷயமே இதுதான். அதற்காக 2001ல் நோபல் பரிசும் கிடைத்தது. தரத்தைக் கண்டுபிடிக்க முடியாத சந்தையில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது, மலிவானது அதை விரட்டிவிடும் என்றார் அவர்.

ஆயில் சந்தையில் அப்படி நடந்ததா? பாதி நடந்தது. விலை உயர்ந்த பிஏஓ சாதாரண கேன்களிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கியது. உற்பத்திச் செலவில் மிச்சமான பணம் வாங்குபவர் பைக்கு வரவில்லையே என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. ஆனால் காலப்போக்கில் போட்டி வேலை செய்தது. 2000களில் அமெரிக்காவில் வால்மார்ட் தன் சொந்தப் பெயரிலேயே குறைந்த விலை சிந்தெடிக் விற்றது.

டூரிங் பைக்காரர்கள் இன்னொரு குறுக்கு வழி கண்டார்கள். டீசல் லாரிகளுக்கான ஷெல் ரொட்டெல்லா சிந்தெடிக் 5டபிள்யூ-40. லாரி எஞ்சினைத் தாங்கும் ஆயில், உராய்வு குறைப்பான் தொல்லை இல்லை, பெரிய கேனில் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பலர் அதையே ஊற்றினார்கள். பின்னாளில் கேனிலேயே ஜாசோ எம்ஏ தரம் குறிப்பிடப்பட்டது. முதலில் பேசாமல் போனாரே நாலாவது ஆள், அவர் செய்ததில் தப்பில்லை!

கதையின் கடைசித் திருப்பம் கத்தாரில். 2011ல் அங்கே ராஸ் லஃபானில் தொடங்கிய ஷெல்லின் பேர்ல் ஆலை, இயற்கை வாயுவிலிருந்து பேஸ் ஆயில் செய்கிறது. அடிப்படை அதே ஃபிஷர் ட்ராப்ஷ் முறை. வாயுவிலிருந்து மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டியது, மொபிலின் பழைய வரையறைப்படி பார்த்தாலும் சிந்தெடிக்தான். ஆனால் ஏபிஐ கணக்கில் அது குரூப் 3! 1999ல் சண்டை போட்ட எல்லைக்கோடே அழிந்துபோனது.

கேனில் எதைப் படிப்பது?

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் பாடம், கேனின் முன்பக்கத்தை விடப் பின்பக்கம் முக்கியம் என்பது.

முதலில் பிசுபிசுப்பு எண். பைக்கோடு வந்த கையேட்டில் இருக்கும் எண்ணே சரி. இரண்டாவது ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. வெட் கிளட்ச் பைக்குக்கு இது இல்லாமல் கூடாது. முறையாகப் பதிவு செய்த ஆயிலில் சின்னப் பெட்டிக்குள் ஒரு குறியீட்டு எண்ணோடு அச்சிட்டிருக்கும். மூன்றாவது, கையேடு கேட்கும் ஏபிஐ தரம். எனர்ஜி கன்சர்விங், அல்லது 2010க்குப் பின் வந்த "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்ற எழுத்து இருந்தால் ஒதுக்கிவிடலாம். இந்த எழுத்து பெரும்பாலும் 5டபிள்யூ-30 போன்ற நீர்த்த ஆயில்களில்தான் வரும்.

இந்த மூன்றும் பொருந்தும் கேன்களை வரிசையாக வைத்தால், அவற்றில் விலை குறைந்த சிந்தெடிக் எதுவோ அது டூரிங் பைக்குக்குப் போதும். பந்தயத்துக்கான எஸ்டர் ஆயிலின் கூடுதல் விலைக்கு, சாலையில் சீராக ஓடும் எஞ்சினில் வேலை குறைவு. அதையும் வாங்க வசதியில்லை என்றால், எம்ஏ தரமுள்ள மினரல் ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் தவறாமல் மாற்றுகிறவரின் எஞ்சின், விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு மறந்துபோகிறவரின் எஞ்சினை விட நன்றாகவே இருக்கும். ஆயில் எவ்வளவு நல்லதானாலும் அளவு குறைந்தால் எஞ்சின் போய்விடும். நீண்ட பயணத்தில் தினமும் காலையில் ஆயில் அளவைப் பார்ப்பதற்குக் காசு கிடையாது.